[அட்] போட்டு மறைத்தால் யார் ஏமாறுகிறார்கள்?

ஒரு கல்லூரி மாணவி. பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். உதவித்தொகை வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுவிடும்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதே செல்பேசியில் மாவட்டத்தின் இணையதளத்தைத் திறக்கிறார். "தொடர்புக்கு" என்ற பக்கத்தில் முகவரி இருக்கிறது. அதை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று நகலெடுத்து ஜிமெயிலில் ஒட்டுகிறார். முகவரி சரியில்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது.

ஒட்டிய முகவரியை உற்றுப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. @ இருக்க வேண்டிய இடத்தில் [அட்]. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் [டாட்]. அதுவும் ஆங்கில எழுத்தில், சதுர அடைப்புக்குறிக்குள். தமிழ்நாட்டில் அந்தக் குறியை எல்லோரும் "அட் தி ரேட்" என்றுதான் சொல்வார்கள். வெறும் "அட்" என்று எழுதி வைத்தால் அது அந்தக் குறிதான் என்று எத்தனை பேருக்குப் புரியும்? கணினி படிக்கும் மாணவிக்குப் புரியும். அவருடைய அம்மாவுக்கு? இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் முதியோர் ஓய்வூதியக்காரருக்கு?

இந்திய அரசு இணையதளங்கள் பலவற்றில் இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லூரித் தளங்களிலும் மருத்துவமனைத் தளங்களிலும்கூடப் பார்க்கலாம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில், "ஸ்பேம் வரும் சார்". பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டிவிடுவதால் யாரும் மேலே கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த [அட்] யாரைத் தடுக்கிறது? திருடனையா, மனு கொடுக்க வந்தவரையா?

முதலில் அந்தத் திருடன் யார் என்று பார்க்கலாம். ஸ்பேமைச் சிலர் "எரிதம்" என்று தமிழாக்கியிருக்கிறார்கள், நல்ல சொல்தான். ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு முகவரிகள் வேண்டும், லட்சக்கணக்கில் வேண்டும். அவற்றைச் சேகரிக்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ஹார்வெஸ்டர், அறுவடைக்காரன், என்கிறார்கள். விதைக்காதவனை அறுவடைக்காரன் என்று சொல்வது விவசாயிகளுக்கு அவமானம். தமிழில் இதற்கு "முகவரிப் பொறுக்கி" என்பதே பொருத்தம். இரண்டு அர்த்தத்திலும்! :-)

பொறுக்கி செய்யும் வேலை மிக எளிமையானது. ஒரு பக்கத்தைத் திறக்கிறது. அதன் எச்.டி.எம்.எல். மூலத்தைப் படிக்கிறது. "மெயில்டூ" என்ற சொல் எங்காவது இருக்கிறதா, அல்லது எழுத்துகள், பிறகு @, பிறகு எழுத்துகள், பிறகு ஒரு புள்ளி, மறுபடி எழுத்துகள் என்ற அச்சில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறது. கிடைத்ததைப் பட்டியலில் போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. கூகுளின் தேடல் இயந்திரம் உலாவுவது போலத்தான், நோக்கம் மட்டும் வேறு. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடக்கூடிய நிரல் இது.

கணினி இல்லாமல் கையாலேயே பொறுக்கிய காலமும் உண்டு. 1978 மே மாதம் டி.இ.சி. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க் என்பவர், ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தங்கள் புதுக் கணினியைப் பார்க்க வரும்படி ஒரே மடலை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. முகவரிகளை எங்கே பிடித்தார்கள்? அச்சடித்த முகவரிப் புத்தகத்திலிருந்து! ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். முகவரிகள் அதிகமாகி, அவற்றுக்கான இடம் போதாமல், மடலின் உடம்புக்குள்ளேயே வழிந்துவிட்டன என்பது தனிக் கதை.

அதற்குப் பிறகு யூஸ்நெட் வந்தது, 1994-ல் இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள், வலை பெருகியது, பொறுக்கிகளும் பெருகினார்கள். 2002-ல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் ஒரு சோதனை செய்தது. புதிதாக 250 முகவரிகளை உருவாக்கி, 175 இடங்களில் போட்டு வைத்தது. இணையப் பக்கங்களில் போட்ட முகவரிகளில் 86 சதவீதத்துக்கு ஸ்பேம் வந்தது. ஓர் அரட்டை அறையில் போட்ட முகவரிக்கு முதல் ஸ்பேம் வர 10 நிமிடம்கூட ஆகவில்லை. பயந்துபோன வெப்மாஸ்டர்கள் ஒவ்வொருவராக முகவரிகளை மறைக்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு மறைப்பு வேலை செய்தது. அமெரிக்காவின் சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி என்ற அமைப்பு 2003 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கணக்கான முகவரிகளை ஆறு மாதம் கவனித்ததில், வந்த ஸ்பேமில் 97 சதவீதத்துக்கு மேல், பொது இணையப் பக்கங்களில் திறந்தபடி கிடந்த முகவரிகளுக்கே வந்தது. மறைத்து எழுதிய முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. 2005-ல் வணிக ஆணையம் செய்த இன்னொரு சோதனையிலும் இதே கதைதான். ஐந்து வாரத்தில் திறந்த முகவரிகளுக்கு ஆறாயிரத்துக்கும் மேல், மறைத்தவற்றுக்கு ஒரே ஒன்று.

"அப்புறம் என்ன பிரச்சினை? மறைக்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மறைப்பு ஏன் வேலை செய்தது என்று அவர்கள் கேட்பதில்லை. [அட்] என்பது பூட்டு என்பதால் அல்ல. தெருவில் நூறு வீடு திறந்து கிடக்கும்போது, கதவைச் சாத்தி வைத்த வீட்டின் தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்க்கத் திருடனுக்கு சோம்பல். அவ்வளவுதான். தாழ்ப்பாளைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? நிரலில் ஒரே ஒரு வரி. [அட்] எங்கே இருந்தாலும் @ என்று மாற்று, [டாட்] எங்கே இருந்தாலும் புள்ளி என்று மாற்று. முடிந்தது. அரசுத் தளங்களெல்லாம் ஒரே மாதிரி, ஒரே அடைப்புக்குறி போட்டு மறைத்தால் அந்த ஒரு வரியை எழுதுவது லாபமும்கூட. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கிறுக்கினால்தான் பொறுக்கிக்குக் குழப்பம். எல்லோரும் ஒரே விதமாக மறைத்தால் அது மறைப்பே அல்ல, இன்னொரு எழுத்துமுறை.

அந்த 2005 சோதனையில் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு பாதி இருக்கிறது. ஸ்பேம் வடிகட்டி வைத்திருந்த இரண்டு இணையச் சேவை நிறுவனங்களையும் ஆணையம் சோதித்தது. ஒன்று வந்த ஸ்பேமில் சுமார் 86 சதவீதத்தையும் மற்றொன்று சுமார் 95 சதவீதத்தையும் வாசலிலேயே நிறுத்தின. அது 2005. பால் கிரஹாம் என்ற நிரலாளர், புள்ளியியலை வைத்து ஸ்பேமைப் பிரிக்கலாம் என்று கட்டுரை எழுதி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு ஜிமெயில் 99.9 சதவீதத்துக்கு மேல் தடுப்பதாக கூகுள் சொல்லிக்கொள்கிறது. விற்கிறவன் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் மிச்சம் பெரிதுதான். ஆக, வேலையைச் செய்யக்கூடிய இடம் அஞ்சல் சேவையகம். அங்கே செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், பக்கத்தைப் படிக்க வருகிறவர் தலையில் கட்டுவதற்குப் பெயர்தான் [அட்].

மற்ற தந்திரங்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? @ என்பதை நேரடியாக எழுதாமல் 64 என்ற குறியீட்டு எண்ணாக மூலத்தில் எழுதுவது ஒரு வழி. புள்ளிக்கு 46. உலாவி அதைத் தானே @ ஆக மாற்றிக் காட்டிவிடும், படிப்பவருக்குத் தொல்லையில்லை. அந்த வகையில் இது ஒன்றுதான் மரியாதையான தந்திரம். ஆனால் எச்.டி.எம்.எல். படிக்கும் எந்த நூலகத்தை எடுத்தாலும் அதுவும் மாற்றிவிடும் என்பதால் காவல் என்று சொல்ல முடியாது.

ஜாவாஸ்கிரிப்ட் வைத்து முகவரியைத் துண்டு துண்டாக வைத்து, திரையில் ஒட்டவைப்பது அடுத்தது. திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும் குரோம் 2017-லேயே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு உலாவும் பொறுக்கிக்கு, மனிதனுக்குத் தெரிவதெல்லாம் தெரியும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் தளங்களில் முகவரிகளைத் தானாகவே மறைத்துக் கொடுக்கிறது. எப்படி என்று பார்த்தால், ஒவ்வொரு எழுத்தையும் ஒரே எண்ணோடு எக்ஸ்.ஓ.ஆர். செய்கிறது, அந்த எண்ணையும் முன்னாலேயே எழுதி வைத்துவிடுகிறது. பூட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் சாவி! ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் பார்ப்பவருக்கு முகவரிக்குப் பதிலாக "மின்னஞ்சல் பாதுகாக்கப்பட்டது" என்று பொருள்படும் ஆங்கில வாசகம் மட்டும் கிடைக்கும். சேமித்து வைத்த பக்கங்களில், வேறு இடத்துக்கு ஒட்டிய அறிவிப்புகளில், இந்த வாசகம் அநாதையாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முகவரி யாரிடமிருந்து பாதுகாக்கப்பட்டது என்பது அந்த இடத்தில் தெளிவாகிவிடுகிறது.

இந்த நிறுவனத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. இதைத் தொடங்கியவர்களில் இருவர் அதற்கு முன்னால், 2004-ல், புராஜெக்ட் ஹனி பாட் என்ற திட்டத்தை நடத்தியவர்கள். தளத்துக்கு வரும் ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனியாக ஒரு பொய் முகவரியைக் காட்டுவார்கள். அந்த முகவரிக்கு ஸ்பேம் வந்தால், அதைப் பொறுக்கியது எந்தக் கணினி, எந்த நேரத்தில் என்று கையும் களவுமாகப் பிடிக்கலாம். மறைப்பதற்கு நேர் எதிரான யோசனை இது. வாசகரைத் தொந்தரவு செய்யாமல் திருடனைத் துரத்தும் யோசனை. ஆனால் பரவியது என்னவோ மறைப்புதான்.

முகவரியைப் படமாகப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். நகலெடுக்க முடியாது, அழுத்த முடியாது, செல்பேசியில் பெரிதாக்கினால் மங்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையற்றவர் என்ன செய்வார்? அவருடைய கணினியில் திரைவாசிப்பான் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தை அல்ல. படத்துக்கு மாற்று எழுத்து கொடுக்க வேண்டும் என்பது வலை அணுகல் விதிகளின் முதல் பாடம். கொடுத்தால் பொறுக்கியும் அதைப் படித்துவிடும். கொடுக்காவிட்டால் பார்வையற்றவருக்கு அந்த இடம் வெறுமை. பொறுக்கியும் திரைவாசிப்பானும் பக்கத்தைப் படிப்பது ஒரே முறையில்தான், இரண்டும் மூலத்தில் உள்ள எழுத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஒன்றுக்குக் கதவை மூடினால் மற்றதற்கும் மூடியதாகத்தான் ஆகும். மின்னணு ஊடகத்தில் உள்ளவை மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய அலுவலகமே தன் முகவரியைப் படமாகப் போட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்வதற்கும் அந்த முகவரிதானே வேண்டும்?

[அட்] கூடத் திரைவாசிப்பானில் ஒரு விளையாட்டுக் காட்டும. நிறுத்தற்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்ற அமைப்பைப் பொறுத்து, அடைப்புக்குறிகளை அது விழுங்கிவிடலாம். அப்போது காதில் விழுவது சரியான முகவரி போலவே இருக்கும். நகலெடுத்து அனுப்பினால் போகாது. எங்கே தப்பு என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் மனு கொடுக்கும் கடைசித் தேதி போய்விடும்.

"சரி, முகவரியே வேண்டாம், படிவம் வைத்துவிடலாம்" என்று அடுத்த புத்திசாலித்தனம் வருகிறது. பெயர், செல்பேசி எண், பொருள், செய்தி, 500 எழுத்துக்குள், கீழே கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்க, சமர்ப்பி. வெப்மாஸ்டருக்கு இது நிம்மதி. மனு கொடுப்பவருக்கு? மின்னஞ்சல் அனுப்பினால் அதன் பிரதி அனுப்பியவரின் பெட்டியில் தேதியோடு, நேரத்தோடு, இணைப்புகளோடு கிடக்கும். ஆறு மாதம் கழித்து "அப்படி எதுவும் வரவில்லையே" என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம். ஒரு மின்னணுப் பதிவு எப்போது அனுப்பப்பட்டது, எப்போது பெறப்பட்டது என்பதை வரையறுக்க 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று தனியாக ஒன்றே இருக்கிறது. படிவத்தில் எழுதியது எங்கே போனது? "நன்றி, உங்கள் செய்தி பெறப்பட்டது" என்று ஒரு வரி வரும். பக்கத்தை மூடினால் அதுவும் போச்சு. யார் பெற்றார், என்ன பெற்றார், எதுவும் கையில் இருக்காது. பதிவு எண் தந்து, பிரதியை அனுப்பியவருக்கும் அனுப்பும் ஒழுங்கான குறைதீர்ப்புத் தளங்கள் வேறு விஷயம். இங்கே பேச்சு, முகவரிக்குப் பதிலாக ஒட்டவைத்த அந்த நான்கு பெட்டிப் படிவங்களைப் பற்றி. இத்தனைக்கும் படிவத்துக்கும் ஸ்பேம் வரத்தான் செய்கிறது. அதைத் தடுக்கத்தானே அந்தக் கோணல் எழுத்து!

இதெல்லாம் ஒருபுறம். பொறுக்கிகள் இன்றைக்கும் பக்கம் பக்கமாக உலாவித்தான் முகவரி சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமே போய்விட்டது. 2019 ஜனவரியில் "கலெக்‌ஷன் 1" என்ற ஒரே தொகுப்பில் 77 கோடிக்கும் அதிகமான முகவரிகள் வெளியே வந்தன. கடைகள், விளையாட்டுத் தளங்கள், பழைய கணக்குகள் என்று பல இடங்களில் திருடியதைக் கூட்டி வைத்த மூட்டை அது. மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்போது ஒவ்வொரு நெல்லாகப் பொறுக்குவானா? அதுவும் இல்லையென்றால் ஊகிக்கலாம். தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சியர்களின் முகவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே அச்சு, மாவட்டத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம் மட்டும் மாறும். ஒன்றைத் தெரிந்தவனுக்கு மற்ற 37-ம் தெரியும். அதை அடைப்புக்குறி போட்டு மறைப்பது, தெருப் பெயர்ப் பலகையில் எண்ணை அழித்துவிட்டால் அடுத்த வீடு எது என்று யாருக்கும் தெரியாது என்று நினைப்பதைப் போன்றது.

குறிவைத்துத் தூண்டில் போடுகிறவன் இருக்கிறானே, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று கணக்குப் பிரிவுக்குப் பொய் மடல் அனுப்புகிறவன், அவன்தான் இன்றைக்கு உண்மையான ஆபத்து. அவன் மனிதன். பக்கத்தைத் தானே கண்ணால் படிப்பான். [அட்] என்பதை @ என்று எழுதிக்கொள்ள அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் ஸ்பேமை எதுதான் அசைத்திருக்கிறது? 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற சேவையக நிறுவனத்தின் இணைய இணைப்பை, அதற்கு இணைப்பு கொடுத்தவர்கள் துண்டித்தார்கள். உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சில மாதங்களில் வேறு வழியில் திரும்பி வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் வயரைப் பிடுங்கியதால் நடந்ததில் நூறில் ஒரு பங்கை லட்சம் [அட்]கள் செய்திருக்குமா?

அதே வருடம் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஸ்பேம் வலைப்பின்னலுக்குள் நுழைந்து கணக்குப் பார்த்தார்கள். 26 நாளில் சுமார் 35 கோடி மருந்து விளம்பர மடல்கள். அதில் விற்பனை வரை போனது 28. ஆம், வெறும் 28. இவ்வளவு மெல்லிய லாபத்தில் தொங்கும் தொழிலுக்கு செலவைக் கொஞ்சம் கூட்டினாலே மூச்சு முட்டும். 2011-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் நேராகக் கைகாட்டியது. ஸ்பேம் மூலம் விற்ற மருந்து, போலிக் கைக்கடிகாரம், மென்பொருள் இவற்றின் பணத்தில் 95 சதவீதம், விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போயிருந்தது. கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் வங்கியின் கழுத்தைப் பிடிப்பதைவிட ஓய்வூதியக்காரரிடம் [அட்] என்றால் என்ன என்று பரீட்சை வைப்பது சுலபம் அல்லவா?

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு விதி போட்டன. அனுப்புகிறவர் யார் என்பதை நிரூபிக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. பாரம் சரியான தோளுக்குப் போனது இங்கேதான், அனுப்புகிறவன் தோளுக்கு.

சட்டத்தின் கதையும் இதேதான். ஆஸ்திரேலியா 2003-லேயே ஒரு ஸ்பேம் சட்டம் போட்டது. முகவரி பொறுக்கும் மென்பொருளையும், அப்படிப் பொறுக்கிய பட்டியல்களையும் ஸ்பேம் அனுப்புவதற்காக விற்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் அங்கே சட்டவிரோதம். அதே ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கொஞ்சம் வழவழா. பொறுக்கிய முகவரிக்கு சட்டத்தை மீறி ஸ்பேம் அனுப்பினால் குற்றம் கனமாகும், அவ்வளவுதான். இந்தியாவில்? தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் உண்டு. 2007-லேயே "அழைக்காதே" பதிவேடு வந்துவிட்டது. மின்னஞ்சலுக்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் எரிச்சலூட்டும் மின்னஞ்சல் பற்றி ஒரு வரி இருந்தது. அந்தப் பிரிவை வைத்துப் பிடித்ததென்னவோ ஃபேஸ்புக்கில் கருத்து எழுதியவர்களைத்தான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தூக்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமாவது அதை நிரப்பும் என்று எதிர்பார்த்தவர்கள் அதன் 3-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தானாகவே பொதுவில் வெளியிட்ட தன் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டக் கடமையின் பேரில் வேறொருவர் வெளியிட்ட தரவுக்கும் பொருந்தாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பொதுத் தகவல் அலுவலர்களின் பெயர், பதவி, பிற விவரங்களை ஒவ்வொரு அலுவலகமும் தானே வெளியிட வேண்டும் என்கிறது. ஒரு சட்டம் வெளியிடு என்கிறது. இன்னொரு சட்டம், வெளியிட்டாயா, அப்படியானால் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட வெப்மாஸ்டர் கண்டுபிடித்த சமரசம்தான் [அட்]: வெளியிட்ட மாதிரியும் இருக்கும், வெளியிடாத மாதிரியும் இருக்கும்.

சொந்தக் காசில் ஒரு சின்ன இடம் வாங்கி, வடிகட்டியே இல்லாத மலிவுச் சேவையகத்தில் தளம் நடத்துகிறவர் முகவரியை எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளட்டும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் கிடையாது. தொல்லைக்குப் பயந்து முகவரியே போடாத பெண் பதிவர்கள் எத்தனையோ பேர், அது அவர்கள் உரிமை. ஆனால் மாவட்ட அலுவலகமும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவும் அரசு மருத்துவமனையும் அப்படி அல்ல. எழுதுகிறவர் வேறு எங்கும் போக முடியாது. அங்கே முகவரி அழுத்தினால் திறக்கும் சுட்டியாக, தனிநபர் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில், அப்பட்டமாக இருக்க வேண்டும். அதன் பின்னால் நல்ல வடிகட்டி இருக்க வேண்டும். வடிகட்டி தப்பாகப் பிடித்ததை வாரம் ஒருமுறையாவது பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

மறைக்க வேண்டியவர்கள் முகவரி உண்மையில் எங்கே கிடக்கிறது தெரியுமா? சேர்க்கைப் பட்டியல், விடுதிப் பட்டியல், போட்டிக்குப் பதிவு செய்தவர் பட்டியல் என்று கல்லூரிகள் பி.டி.எஃப். கோப்புகளைத் தளத்தில் ஏற்றிவிடுவது உண்டு. வரிசை எண், பெயர், தந்தை பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல். பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் விவரங்கள், கட்டம் கட்டமாக, அழகாக. பி.டி.எஃப். உள்ளே இருக்கும் எழுத்தையும் பொறுக்கிகள் படிக்கும், தேடல் இயந்திரங்களும் படிக்கும். சேர்க்கை முடிந்து மூன்று வருடம் ஆனாலும் அந்தக் கோப்பை யாரும் எடுப்பதில்லை. கல்விக் கடன், வெளிநாட்டுப் படிப்பு, வேலைக்கு முன்பணம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு வரும் மடல்களுக்கும் அழைப்புகளுக்கும் மூலம் எதுவென்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அந்தக் கோப்பை எடுத்துவிடுங்கள் என்று எழுதலாம் என்று யாராவது ஒரு மாணவி பக்கத்தின் அடிக்குப் போனால், அங்கே கல்லூரி அலுவலகத்தின் முகவரி மட்டும் பத்திரமாக இருக்கும், [அட்], [டாட்] எல்லாம் போட்டு.